கணக்கில் வராத வீடுகள்: ஆப்கான் மக்களுக்குச் சமூகவியல் ஏன் தேவை?



ஆப்கானிஸ்தான் என்றதும் போர், பசி, நிலநடுக்கம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மக்களுக்காக துஆ செய்கிறோம். ஜும்ஆவில் வசூல் நடக்கும்போது இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால் அந்நாட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டால், உறுதியான பதில் யாரிடமும் இல்லை. முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அங்கே தொடங்கியது 1979இல். உள்நாட்டுக் குழப்பத்தால் அதுவும் முழுமை பெறவில்லை. இன்று நாம் படிக்கும் எண்ணிக்கைகள் எல்லாம் மதிப்பீடுகளே.

எண்ணிக்கை தெரியாவிட்டால் என்ன, உதவி போய்ச் சேர்ந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நம் சொந்த அனுபவமே இதற்குப் பதில் சொல்லும். ஒரு ரமலானில் அரிசி விநியோகத்திற்கு ஜமாஅத் சந்தாப் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் எடுத்தோம். கணவனை இழந்து, அண்ணன் வீட்டில் ஓர் அறையில் பிள்ளைகளோடு இருந்த பெண்களின் பெயர் அந்தப் புத்தகத்தில் தனியாக இல்லை. அவர்கள் விடுபட்டுப் போனார்கள். மறு ஆண்டு நம் சகோதரிகள் வீடு வீடாகச் சென்று விசாரித்த பிறகுதான் பட்டியல் சரியானது. சமூகவியல் ஆய்வு என்பது ஏறக்குறைய இதுதான். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஊகிக்காமல், நேரில் கேட்டு, முறையாகப் பதிவு செய்வது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹெராத் மாகாணத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது. இறந்தவர்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும் என்று யுனிசெஃப் தெரிவித்தது. பூமி எல்லோருக்கும் சமமாகத்தான் அதிர்ந்தது. அது முற்பகல் நேரம். ஆண்கள் பலர் வெளி வேலையில் இருந்தார்கள். பிழைப்புக்காக ஈரான் சென்றிருந்தவர்களும் உண்டு. பெண்களும் பிள்ளைகளும் மண் வீடுகளுக்குள் இருந்தார்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், குடும்பத் தலைவர் ஊரில் இல்லாத வீடு எது, அங்கே உதவியைப் பெற்றுக்கொள்ள வெளியே வரக்கூடியவர் யார் என்பது தெரிந்தால்தான் நிவாரணம் சரியான வாசலுக்குப் போகும்.

இது அந்நிய சரக்கா?

சமூகவியல் மேற்கத்தியர் கொண்டு வந்த பாடம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், சமுதாயங்கள் எப்படி ஒன்றுபடுகின்றன, அரசுகள் எப்படி எழுந்து வீழ்கின்றன என்பதை முகத்திமாவில் ஆராய்ந்தவர். அவருக்கும் முன்பே, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கஸ்னியில் வாழ்ந்த அல்பிரூனி, சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் நூல்களையும் வழக்கங்களையும் விசாரித்து, சுமார் 1030இல் கிதாபுல் ஹிந்தை எழுதினார். அந்த மண்ணிலிருந்து நம் நாட்டைப் பற்றி அத்தகைய ஆய்வு வந்திருக்கிறது. அந்த மண்ணைப் பற்றி அம்மக்களே ஆய்வு செய்வது எப்படி அந்நியமாகும்?

மார்க்கத்திற்கும் வழக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறியவும் இது உதவும். மஹர் மணப்பெண்ணின் உரிமை என்பது நமக்குத் தெரியும். பஷ்தூன் பகுதிகளில் வல்வர் என்றொரு வழக்கம் உண்டு. மணமகன் வீட்டார் பெண்ணின் தந்தைக்குக் கொடுக்கும் தொகை அது. நம்மிடையே கைக்கூலி நுழைந்ததைப் போல அங்கே இது நிலைத்திருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு, யார் கடன்படுகிறார்கள், எத்தனை திருமணங்கள் தள்ளிப்போகின்றன என்று விசாரித்து வைத்தால்தான் ஆலிம்களும் பெரியவர்களும் அதைப் பற்றி ஆதாரத்தோடு பேச முடியும்.

வழக்கங்கள் எல்லாம் தீமையல்ல. ஆப்கான் கிராமங்களில் மீராப் என்பவர் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். நம்மூர் நீர்க்கட்டியைப் போன்றவர். பல இடங்களில் விவசாயிகளே அவரைத் தேர்ந்தெடுத்து, கோதுமையைக் கூலியாகக் கொடுக்கிறார்கள். இதை அறியாமல் வெளியிலிருந்து வருபவர் புதிய வாய்க்கால் வெட்டினால், தண்ணீரோடு சண்டையும் வரும்.

செய்து காட்டியவர்கள்

பதக்ஷான் மாகாணத்தில் பிறந்த நஸீஃப் ஷஹ்ரானி, 1970களின் தொடக்கத்தில் வக்கான் மலைப்பகுதிக்குச் சென்று கிர்கிஸ் மேய்ப்பர்களோடு தங்கி ஆய்வு செய்தார். அவருடைய நூல் 1979இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அம்மக்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேறி, பாகிஸ்தான் சென்று, 1982இல் துருக்கியில் குடியேறிவிட்டார்கள். அந்த ஆய்வு இல்லையென்றால் அவர்களுடைய பழைய வாழ்க்கையின் பதிவு பெருமளவு அழிந்திருக்கும்.

அமெரிக்கரான நான்சி டுப்ரீ, பெஷாவரில் அகதிகளிடையே ஆப்கானிஸ்தான் பற்றிய ஆவணங்களைத் திரட்டத் தொடங்கினார். அவை பின்னர் காபூல் பல்கலைக்கழகத்திற்கு வந்து, 2013இல் தனிக் கட்டடத்தில் ஆய்வு மையமாயின. கிராமங்களுக்குப் பெட்டிகளில் நூல்களை அனுப்பும் திட்டமும் அவர் முயற்சியால் நடந்தது. 2002 முதல் காபூலில் இயங்கிய ஆப்கானிஸ்தான் ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு, நிலம், நீர், வாழ்வாதாரம் பற்றி அறிக்கைகள் வெளியிட்டது. ஏசியா ஃபவுண்டேஷன் 2019இல் நடத்திய கருத்தாய்வில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. பெண்களிடம் பெண்களே சென்று பேசினார்கள்.

இன்றைய நிலை

உயர்கல்வியில் இருந்த பெண்கள் 2001இல் சுமார் 5,000 பேர். 2021இல் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறது யுனெஸ்கோ. 2022 டிசம்பர் 20ஆம் தேதி பல்கலைக்கழகக் கதவுகள் அவர்களுக்கு மூடப்பட்டன. நான்கே நாளில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணியாற்றவும் தடை வந்தது. பல்கலைக்கழகத் தடை மார்க்கத்தின்படி சரியல்ல என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தையிப் அப்போதே கண்டித்தார். 2025இல் பல்கலைக்கழகங்களில் 18 பாடங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் பெண்களின் சமூகவியலும் ஒன்று.

இதன் விளைவு படிப்போடு நிற்பதில்லை. அந்நிய ஆண் சென்று ஒரு விதவையிடம் அவள் வீட்டு நிலையை விசாரிக்க முடியாத சமூகம் அது. விசாரிக்கப் பெண்ணும் இல்லையென்றால், அவள் வீடு பட்டியலில் வராது. பாகிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் லட்சக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்படும் இந்த நேரத்தில், இப்படி எத்தனை வீடுகள் விடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியது

இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகை மூலம் பல்லாண்டுகளாக ஆப்கான் மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் படித்து வந்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், இஃப்தாருக்கு அழைப்பதோடு விடாமல், விடுதிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் உதவுவோம். மருத்துவம், பொறியியல் படிப்பவரைப் போலவே சமூகவியல் படிப்பவரையும் மதிப்போம். நாடு திரும்ப முடியாத மாணவியர் தங்கள் தாய்மார்கள், பாட்டிமார்களின் வாழ்க்கையைத் தாரியிலோ பஷ்தோவிலோ கேட்டு எழுதி வைக்க ஊக்கம் தருவோம். தொலைபேசி வழியாகவும் அதைச் செய்யலாம்.

ஆப்கானிஸ்தானுக்காக யாரேனும் நிதி கேட்டு வந்தால், எவ்வளவு திரட்டினீர்கள் என்பதோடு, பட்டியலை யார் எடுத்தார்கள், அந்த வீட்டுப் பெண்களிடம் பேசியது யார் என்றும் கேட்போம். கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.