44 அடிக்கு ஓர் அடி: ஊவா மலையில் ஏறும் கணக்கு

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை நிலையத்தின் உயரம் 652 மீற்றர். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் கோச்சி ஓஹிய, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று வளைந்து வளைந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓடுகிறது. மேலதிகமான அந்த 40 கிலோமீற்றர் எதற்கு?

விடை சக்கரத்தின் அடியில் இருக்கிறது. இரும்புச் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர சென்ரிமீற்றர். இரண்டுமே நசுங்காத பொருள்கள் என்பதால் உருளும்போது சக்தி வீணாவது மிகக் குறைவு. சமதரையில் ஒரு தொன் எடையை நகர்த்த இரண்டு கிலோ அளவு இழுவிசை போதும். சமதரையில் வரமாக இருக்கும் இந்த வழுவழுப்பே ஏற்றத்தில் வில்லங்கமாகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 தொன் எஞ்சினோடு சேர்த்து மொத்தம் 300 தொன் எடையுள்ள ஒரு ரயில். 44 அடி முன்னே போனால் ஓர் அடி உயரும் சாய்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 7 தொன். தண்டவாளம் காய்ந்திருந்தால் எஞ்சின் தன் எடையில் கால்வாசி அளவுக்குப் பிடிமானம் பெறும். அதாவது 20 தொன். மழையில் நனைந்து இலையும் ஒட்டிக்கொண்டால் பத்தில் ஒரு பங்குதான், வெறும் 8 தொன். அப்போதும் மயிரிழையில் ஏறிவிடலாம். 25 அடிக்கு ஓர் அடி என்று சாய்வைக் கூட்டினால் 12 தொன் தேவைப்படும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

மலையகப் பாதையின் எல்லைச் சாய்வு 44க்கு 1 என்று வைக்கப்பட்டது இப்படியான கணக்கினால்தான். இரு நிலையங்களுக்கும் உயர வித்தியாசம் 1,239 மீற்றர். அதை 44ஆல் பெருக்கினால் 54 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. நிலையங்களுக்கான சமதளத்தையும் சாய்வு குறைந்த துண்டுகளையும் சேர்த்தால் 70ஐ நெருங்கிவிடுவோம்.

ஈரம் வந்தால் எஞ்சினுக்குக் கைகொடுப்பது மணல். சக்கரத்துக்கு முன்னால் ஒரு குழாய் தண்டவாளத்தை நோக்கி வளைந்திருக்கும். அதன் வழியாகக் காய்ந்த மணலைத் தூவிப் பிடிமானத்தைக் கூட்டுவார்கள். எந்தப் பக்கம் நனையும் என்பதைப் பருவக்காற்று தீர்மானிக்கிறது. ஜூலையில் நானுஓயா பக்கம் மழையில் ஊறும். பட்டிப்பொலைக்கும் ஓஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தைக் கடந்தால் ஊவாப் பக்கம் வெயிலும் வறண்ட காற்றுமாக இருக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். மார்கழியில் இது தலைகீழாகிவிடும்.

சாய்வுக்கு நீளம் வேண்டும். தெமோதரையில் நீளத்துக்கு இடம் இல்லை. அதனால் நிலையத்தைவிட்டு இறங்கும் பாதை மலையைச் சுற்றிவந்து, அதே நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டித்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1894இல் பண்டாரவளைக்கு வந்துவிட்ட ரயில் பதுளையை எட்ட 1924 ஆயிற்று.

ரயிலைப் போலன்றி, சைக்கிளுக்குப் பிடிமானம் ஒரு பிரச்சினையே இல்லை. ரப்பர் தாரைக் கவ்விக்கொள்ளும். அங்கே எல்லை நம் கால்தான். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ளவர் பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீற்றர் மிதிக்க 130 வாட் வலு தேவை. பயிற்சியில்லாதவர் அதை வெகுநேரம் தாங்க மாட்டார். இன்னும் மெதுவாக மிதித்தால் சமநிலை குலையும். இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

காலுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. மெதுவாகப் போனாலும் விழ மாட்டோம். 65 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 300 மீற்றர் உயரம் ஏற 50 வாட்டுக்குச் சற்று மேல் போதும். லொறி போகும் தோட்ட ரோடு கொண்டையூசி வளைவுகளாகச் சுற்ற, லயத்திலிருந்து மலைக்கும் ஸ்டோருக்கும் போகும் குறுக்குப் பாதை செங்குத்தாகப் படியேறுவது இதனால்தான். கொழுந்துச் சுமையோடு தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் நடந்து பார்த்த பாதைகள் அவை. கண்டியில் தொடங்கி அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையும் பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளைக் கோத்து அமைத்ததுதான்.

இறக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அப்புத்தளைக்கும் எல்லவுக்கும் உயர வித்தியாசம் 390 மீற்றர். அதே 80 கிலோ எடையோடு சைக்கிளில் இறங்குபவர் அந்த உயரத்திலிருந்து கிடைக்கும் சக்தி முழுவதையும் பிரேக்கிலேயே அடக்கினால், பிறக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். பிரேக்கை ஒரேயடியாக அழுத்தி வைக்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள். இடையிடையே நிறுத்தி ஆற விடுங்கள்.

ஆகவே ஊவாவுக்குப் போகிறவர்கள் நீண்ட ஏற்றத்தை ரயிலிடம் விடுங்கள். சைக்கிளை இறக்கத்துக்கும் சமதளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான இடங்களுக்குக் காலை நம்புங்கள். ஆனால் தண்டவாளத்திலும் சுரங்கத்திலும் நடக்காதீர்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் குலைத்துப் போட்டது. எனவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.