பெட்டி இருக்கு, வழி இல்லை!

சிவகாசி அச்சகத்துக்குப் போகிறவர்கள் ஆஃப்செட் மெஷினை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்கு அதற்குப் பின்னால் இருக்கும் டிடிபி அறைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது! செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், ஏசி அறை. தரையெல்லாம் ப்ரூஃப் தாள்கள்; மிதித்துவிடாதீர்கள், எல்லாம் சாமி படங்கள்.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போட்டாயிற்று. இனி ஆர்டர் மழைதான். இந்த நேரம் பார்த்து, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும் எல்லோருக்கும் பொதுவான ஷேர் ஃபோல்டரைத் திறக்க மறுக்கிறது. முருகன், லட்சுமி, ராசிபலன் என்று அத்தனை ஃபைலும் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டோரேஜ் பெட்டிக்குள். மற்ற கம்ப்யூட்டர்களில் பளிச்சென்று திறக்கிறது. இதில் 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை'.

சர்வீஸ் தம்பி மேஜைக்கு அடியில் போய்விட்டார். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். ஸ்விட்ச்சில் விளக்கு மினுக்குகிறதா என்று குரல் வருகிறது. மினுக்குகிறது. தூசியும் வியர்வையுமாக வெளியே வந்து பிங் அடிக்கிறார். பெட்டி சமர்த்தாகப் பதில் சொல்கிறது. ஐபி எண்ணை நேரடியாக அடித்தால்? ம்ஹூம்.

"தம்பி, செவ்வாய்க்கிழமை மூணு மணி, ராகு காலம். நாலரைக்கு மேல பாருங்க" என்கிறார் டிடிபி அக்கா. தினசரி காலண்டருக்கு ப்ரூஃப் பார்ப்பவர், மனப்பாடமாகச் சொல்கிறார்! அறையே சிரிக்கிறது.

அடுத்து, 'பப்ளிக்' என்றிருந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்குகிறார். பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் வரிசையாகத் தெரிகின்றன. பெட்டி மட்டும் இல்லை. தம்பியின் முகத்தில் வெளிச்சம். பிடித்துவிட்டார்! ஃபைல் கொடுக்கல் வாங்கலுக்கான எஸ்எம்பி முறையில், இந்தப் பெட்டி முதல் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸோ 2017 கடைசியிலிருந்து அதைத் தானாக நிறுவுவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது அந்தப் பழைய வழியாகத்தான்.

"அதையே இதுலயும் ஆன் பண்ணிரலாமே?" அச்சகத்து அண்ணாச்சி எட்டிப் பார்க்கிறார்.

"வேண்டாம் அண்ணாச்சி, அத்தனை படமும் போயிரும்." குரல் பணிவுதான், ஆனால் பிடி விடவில்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பெட்டிக்குள் ஓடுவது சாம்பா. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள், சிவகாசிக் காலண்டரைக் காத்துக்கொண்டிருக்கிறது! பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், யாரும் தொடாத ஒரு மூலையில், இரண்டாம் பதிப்புக்கான தேர்வு இருக்கிறது. ஆனால் பெட்டியை அணைத்துப் போட வேண்டுமே.

"எல்லாரும் சேவ் பண்ணிக்கோங்க!"

அடடா, அந்தக் களேபரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! "இரு, இரு, பிள்ளையார் இன்னும் முடியல" என்று ஒரு அலறல். "கன்னி ராசி பாதியில நிக்குது" என்று இன்னொன்று.

பெட்டி எழுந்ததும் புதுக் கம்ப்யூட்டர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. இதுவரை எல்லோரும் 'கெஸ்ட்' ஆகவே புழங்கியிருக்கிறார்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11 ப்ரோ பதிப்பு அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

"இத்தனை வருஷமா நான் இங்க விருந்தாளியா?" அக்கா இடுப்பில் கை வைக்கிறார். அவர் பெயரிலேயே முதல் கணக்கைத் திறக்கிறார் தம்பி. ஃபோல்டர்கள் சடசடவென்று விரிகின்றன. பிளேட் போடும் அறையிலிருந்து பையன் ஓடி வருகிறான்: "அக்கா, லட்சுமி வந்துட்டாங்களா?"

"வந்தாச்சு, எடுத்துக்கோ!"