பல் டாக்டருக்கும் பரீட்சை! லண்டன் போக நாலே தடவைதான்!!

கோவில்பட்டி,

கரிசல் காட்டில் விளைந்த பருத்தியை விற்று, மகளை பி.டி.எஸ். படிக்க வைத்த அப்பாக்கள் இந்தப் பக்கம் உண்டு. தெருவே "டாக்டரம்மா" என்று கூப்பிடும். அதே டாக்டரம்மா பிரிட்டனில் பல் பிடுங்க வேண்டுமானால்? மறுபடியும் மாணவிதான்!

அந்தப் பரீட்சைக்கு ஓ.ஆர்.இ. என்று பெயர். அந்த நாட்டு பொது பல் மருத்துவ கவுன்சில் 2007-ல் கொண்டு வந்தது. அதற்கு முன்பே இங்கிலீஷ் டெஸ்டில் 7 வாங்கியிருக்க வேண்டும்.

முதல் பாகம் எழுத்து. இரண்டு தாள். நோய், மருந்து எல்லாம் நம்ம காலேஜில் படித்ததுதான். உதைக்கிற இடம் சட்டம். நோயாளியிடம் சம்மதம் வாங்குவது எப்படி, ரகசியம் காப்பது எப்படி என்று அவர்கள் ஊர் முறைப்படி பதில் போட வேண்டும். இங்கே கிளினிக்கில், "வாயைத் திறங்க அண்ணாச்சி" என்றால் வேலை முடிந்தது!

இரண்டாம் பாகத்தில் பொம்மைத் தலைக்குப் பல் அடைத்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் 4 தடவைதான். முதல் தடவை எழுதியதிலிருந்து 5 வருஷத்துக்குள் முழுசாகத் தேற வேண்டும்.

ஆனால் இடம் கிடைத்தால்தானே? பதிவு திறந்த சில நிமிஷத்தில் காலி! போதாக்குறைக்கு 2020-ல் கொரோனாவால் பரீட்சையே நின்று, 2022-ல்தான் திரும்ப ஆரம்பித்தது. பலருக்குக் கெடு அதிலேயே கரைந்தது.

பகலில் கிளினிக், ராத்திரியில் புத்தகம் என்று இருக்கும் ஒரு பெண்ணிடம் பேசினோம். "பேரைப் போட்டுடாதீங்க சார்" என்றார். திண்ணையிலிருந்து அப்பா கேட்டார்:

"எப்பம்மா கிளம்பணும்?"

"முதல்ல இடம் கிடைக்கட்டும்ப்பா!"