நீரால் அணையாத நெருப்பு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, அவ்வழியாகவே சென்னை சென்றது. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாயிற்று. அத்தகைய போர்க்கால விமானத் தளங்களுக்கு விமானத்தைப் போலவே இன்றியமையாததாயிருந்த வாகனம் ஒன்றுண்டு. அதுவே விபத்து மீட்புத் தீயணைப்பு வண்டி.

ஊர்த் தீயை நீர் அணைக்கும். விமானத் தீயை அணைக்காது. பெற்றோல் நீரினும் இலேசானது. நீரை ஊற்றினால் அது அடியிற் செல்ல, எரியும் பெற்றோல் மேலே மிதந்து பரவும். 1942 ஏப்ரில் 5ஆம் நாள் கொழும்பைக் காத்துப் போரிட்ட ஹரிக்கேன் விமானங்களில், விமானியின் முன்புறத்திலேயே ஒரு பெற்றோல் தொட்டி இருந்தது. வீழ்ந்த விமானம் தீப்பற்றினால் அவனுக்கு எஞ்சுவன சில கணங்களே.

ஆதலின் அக்கால வண்டிகள் நீரோடு நுரைத் திரவத்தையும் சுமந்தன. மாட்டின் குளம்பையும் கொம்பையும் பொடித்துப் பதப்படுத்தி ஆக்கிய திரவம் அது. நீரும் காற்றும் கலக்க, அது தடித்த நுரையாகிப் பெற்றோலின்மேல் போர்வைபோற் படிந்து, காற்றைத் தடுத்து ஆவியை அடக்கும். போட்சன் ஆறு சக்கர வண்டிகள் இப்பணிக்குப் பெரிதும் பயன்பட்டன. வீரர்கள் முதலில் விமானியின் இருக்கைவரை நுரையால் ஒரு பாதை திறப்பர். கல்நார் உடை அணிந்த ஒருவர் அவ்வழியே புகுந்து ஆளை வெளியே எடுப்பார். ஆளை மீட்பதே முதற் கடமை. தீயை முற்றும் அணைப்பது அதன் பின்னரே.

இத்தகைய வண்டிகள் சிலவற்றை இங்கிலாந்தில் ஆர்வலர் புதுப்பித்துப் பேணுகின்றனர். வர்ணம் தீட்டுவது மட்டும் புதுப்பித்தல் ஆகாது. பம்பு நீரை இழுத்தல் வேண்டும். அடைப்பிதழ்கள் இறுகித் திறத்தல் வேண்டும். குழாய்முனை தன் தொழிலைச் செய்தல் வேண்டும். கல்நார் நுரையீரலைக் கெடுக்கும் என்பது இன்று தெளிவாகையால், பழைய உடையை மாத்திரம் எவரும் அணிதலாகாது.

இச்செய்தி நம் தீவுகளுக்கும் உரியதே. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் மண்ணெண்ணெய் அடுப்பும் படகின் இயந்திரமும் உள்ள இடமெல்லாம் அதே நெருப்பு காத்திருக்கின்றது. சிந்திய எண்ணெய் சிறிதளவில் தீப்பற்றினால் வாளி நீரை வீசாதீர்கள். மணலையோ நன்கு நனைத்த சாக்கையோ இட்டு மூடுங்கள். தீ பெருகினால் ஆட்களுடன் விலகிவிடுங்கள். பொருளைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம்.