ஊசிக்கு முன் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்

வீட்டு நாய் சொறிய ஆரம்பித்தால் நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் வேப்பெண்ணெய். கேட்கவில்லை என்றால் மண்ணெண்ணெய், அல்லது மெக்கானிக் ஷெட்டில் வாங்கிய கழிவு ஆயில். பிறகு மெடிக்கலில் மனிதருக்கான படர்தாமரைக் களிம்பு. அப்புறம் பெட் ஷாப்காரர் எடுத்து நீட்டும் ஏதோ ஒரு சொட்டு மருந்து. தோல் தடித்துக் கறுத்து, வீடே நாறிய பிறகுதான் டாக்டர் ஞாபகம் வரும். அங்கே போயும், “அரிப்பு நிக்கிற மாதிரி ஒரு ஊசி போட்டு விடுங்க சார்” என்பார்கள். அவரும் போட்டுவிடுவார். சில நாள் நிற்கும், மறுபடி தொடங்கும்.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது. உள்ளே இருப்பது சொறிப்பூச்சியோ பூஞ்சையோ என்றால், உடம்பின் எதிர்ப்பைக் குறைத்து அதற்கே வழிவிடும். ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு தகுந்த மருந்தாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வாமைதான் என்று யார் சோதித்துச் சொன்னார்கள்?

அரிக்கும் இடத்தைக் கவனித்தாலே பாதித் துப்பு கிடைக்கும். வாலடியைக் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி. காது மடலின் ஓரமும் முழங்கையும் செதில் செதிலாக இருந்து, வீட்டாருக்கும் கையில், வயிற்றில் அரிப்புக் கொப்புளம் வந்தால் சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சி. ஓயாமல் பாதம் நக்குவதும், அடிக்கடி காது சீழ்பிடிப்பதும் ஒவ்வாமையின் போக்கு. குட்டிப் பூனைக்கு முடி வட்டமாகக் கொட்டினால் படர்தாமரை. கொஞ்சும் குழந்தைக்கும் ஒட்டும். நாய்க்குட்டிக்கு முகத்தில் திட்டுத்திட்டாக முடி உதிர்ந்து, அரிப்பு அவ்வளவாக இல்லை என்றால் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு தோல்பூச்சியாக இருக்கலாம். அது மனிதருக்குத் தொற்றாது. தொற்றிவிடும் என்று பயந்து குட்டியைத் தெருவில் விட்டுவிட்டு வருகிறார்களே, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

துப்பு மட்டும் போதாது. டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்: “தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பாத்தீங்களா?” பிளேடால் தோலை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பாரபின் எண்ணெயோடு வைத்துப் பார்க்கும் சில நிமிட வேலை இது. இலேசாக ரத்தம் கசியும், பதறாதீர்கள். டெமோடெக்ஸ் மயிர்க்கால்களுக்குள் ஆழத்தில் இருப்பதால்தான் அந்த அளவுக்குச் சுரண்ட வேண்டியிருக்கிறது. சார்கோப்டிஸ் பல நேரம் கண்ணில் சிக்காது. அறிகுறி பொருந்தினால், காணாவிட்டாலும் மருந்து கொடுத்துப் பார்ப்பதே முறை. டேப்பை ஒட்டி எடுத்து ஈஸ்ட், பாக்டீரியா பார்க்கலாம். படர்தாமரைக்கு, திட்டின் ஓரத்து முடியைப் பிடுங்கிக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரச் சில வாரம் ஆகலாம்.

அரசுக் கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லை என்று கைவிரித்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலுள்ள கல்லூரிகள் ஆகியவற்றின் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகலாம். போகுமுன் குளிப்பாட்டாதீர்கள், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். இதுவரை போட்ட மருந்துகளின் அட்டை, பாட்டில், பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். “ஏதோ வெள்ளை மாத்திரை” என்றால் எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. எப்போது தொடங்கியது, என்ன தீனி, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984 படி பதிவு பெற்றவரே வைத்தியம் பார்க்கலாம். கடைக்காரர் ஊசி போட்டால் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பில்லின் நகலை இணையுங்கள். பில் வாங்குவதே இல்லையே நாம்!

தெள்ளு என்று உறுதியானால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. வளர்ந்த பூச்சிதான் உடம்பில் திரியும். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிக்கும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும். தீனி ஒவ்வாமை என்று சந்தேகித்தால் டாக்டர் சொன்ன உணவு மட்டுமே, எட்டு வாரம். நடுவில் பாட்டி பாசத்தோடு ஒரு பிஸ்கட் போட்டால் சோதனை வீண்.

ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று அளவு தெரியாமல் நாய்க்குப் போடாதீர்கள். கோலி போன்ற சில இனங்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

பூனை வளர்ப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து செத்தும் போகலாம். “சின்னப் பிராணிதானே, பாதி சொட்டு போடுங்க” என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, துண்டில் சுற்றி, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நடுக்கம் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன்: பெர்மெத்ரின் பூனைக்குப் பாதிச் சொட்டும் கூடாது.