ஆறு ஊருக்கு ஒரே கணக்கு: கோலார் தங்க வயலின் குப்பைக்கு வழி என்ன?

பெங்களூரை ஒட்டிய மண்டூரில் மாநகரக் குப்பையைக் கொட்டுவதற்கு எதிராக ஊர்மக்கள் நெடுநாள் போராடினார்கள். 2014 டிசம்பரோடு அங்கே குப்பை வண்டிகள் நின்றன. வேறு இடம் தேடிய அந்தக் காலத்தில் அடிபட்ட பெயர்களில் ஒன்று கோலார் தங்க வயல். சுரங்கம்தான் மூடிவிட்டதே, கைவிட்ட நிலம் இத்தனை கிடக்கிறதே, அங்கே கொட்டினால் என்ன என்றார்கள். தங்க வயல் மக்கள் ஒரே குரலில் மறுத்தார்கள்.

அந்த மறுப்பு உணர்ச்சிவசப்பட்டது அல்ல. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் தண்ணீர் இறைக்கும் பம்புகள் ஓய்ந்தன, சுரங்கங்களுக்குள் நீர் நிரம்பியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. பூமிக்கடியில் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும் அந்தச் சுரங்கப் பாதைகளில் குப்பையைத் தள்ளினால், அதன் கசிவுநீர் எந்தக் கிணற்றில் போய்ச் சேரும் என்று எந்தப் பொறியாளராலும் உறுதி சொல்ல முடியாது. தரையில் கொட்டினாலும் ஆபத்துதான். அழுகும் குப்பையிலிருந்து வரும் அமிலத்தன்மையுள்ள நீர், மண்ணிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு இறங்கும். நூறாண்டுச் சுரங்க மண் குவிந்திருக்கும் ஊரில் இதைவிடப் பொருந்தாத யோசனை இருக்க முடியாது.

ஆனால் பெங்களூரின் குப்பையைத் தடுத்துவிட்டதால் சொந்தக் குப்பைக்கு வழி பிறந்துவிடவில்லை. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், மாரிக்குப்பம் என்று பரந்து கிடக்கும் இந்த ஊரின் குப்பை எங்கே போக வேண்டும்? பக்கத்து ஊரான பங்காரப்பேட்டையின் குப்பை எங்கே போக வேண்டும்? ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக விடை தேடும்வரை இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. சேர்ந்து தேடினால் கிடைக்கும். அப்படிச் சேர்வதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும்.

ஓர் ஊரால் ஏன் முடியாது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தங்க வயல் நகரசபையில் சுமார் 1.62 லட்சம் பேர். கோலாரில் 1.38 லட்சம், முல்பாகலில் 57 ஆயிரம், பங்காரப்பேட்டையில் 45 ஆயிரம், மாலூரில் 40 ஆயிரம், சீனிவாசபுரத்தில் 27 ஆயிரம். மாவட்டத்தின் ஆறு தாலுகா நகரங்களையும் கூட்டினாலும் அன்றைய கணக்கில் 5 லட்சத்தைத் தொடவில்லை.

சிறு நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் குப்பை சேரும் என்று மத்திய அரசின் நகராட்சித் திடக்கழிவுக் கையேடு கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் பங்காரப்பேட்டைக்கு 9 முதல் 13 டன். அதில் பெரும்பங்கு சமையலறையிலிருந்தும் காய்கறிச் சந்தையிலிருந்தும் வரும் ஈரக் குப்பை. மீதியில் விலைபோகும் அட்டை, இரும்பு, கெட்டியான பாட்டில் எல்லாம் நகரசபை வண்டிக்கு வருவதே இல்லை. வீட்டு வாசலிலேயே காயலான் கடைக்குப் போய்விடும். கடைசியில் நகரசபையின் தலையில் விழுவது மெல்லிய கவர், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிய்ந்த செருப்பு, கிழிந்த துணி, தெர்மோகோல்.

இவற்றை வாங்குவதற்கும் ஆள் உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது வகை பிரித்து, அழுக்கு நீக்கி, இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய லாரி லோடு. ஒரு சிறு ஊரில் ஒரு லோடு சேரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொருளை வைக்கக் கொட்டகை வேண்டும், தீப்பிடிக்காமல் காவல் வேண்டும். அழுத்தும் இயந்திரத்தை வாங்கிவிட்டால் அது பாதி நாள் சும்மா நிற்கும், மின்கட்டணமும் பராமரிப்பும் மட்டும் நிற்காது. பொருளுக்கு விலை பேசவும் ஆளில்லை. அதனால்தான் சிறு ஊர்களில் கொட்டகை திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது, குப்பை ஊர்ப்புறத்தில் எரிகிறது. இதை நகரசபை ஊழியர்களின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். கணக்கே கட்டுப்படியாகவில்லை என்பதுதான் உண்மை.

ஆறு ஊரின் பொருளும் ஓரிடத்துக்கு வந்தால் கணக்கு மாறும். லோடு வாரத்துக்குப் பல முறை நிறையும், இயந்திரம் நாள் முழுக்க ஓடும், வாங்குபவரோடு பேரம் பேசும் பலமும் வரும்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

தருகிறது. 2016 ஏப்ரலில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகளே, 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்து பொதுவான நிலநிரப்பிடம் அமைக்க வழிசெய்து, அதற்கு மூன்றாண்டுக் கெடுவும் வைத்தன. நிலநிரப்பிடத்துக்கு எதுவும் போகலாம் என்பதில்லை. உரமாக்கவோ, மறுசுழற்சிக்கோ, எரிபொருளுக்கோ உதவாத எச்சம் மட்டுமே போகலாம். வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன அந்த விதிகள். அண்மையில் வந்த புதிய விதிகள் அதை நான்காக்கியிருக்கின்றன. சட்டத்தில் குறையில்லை. ஊர்கள் தங்களுக்குள் கையெழுத்திட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்தான் இல்லை.

செய்து காட்டியவர்கள்

மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாரா, கொன்னகர், ரிஷ்ரா, ஸ்ரீராம்பூர், வைத்யபாடி, சாம்ப்தானி என்று ஆறு நகராட்சிகள் வரிசையாக இருக்கின்றன. ஜப்பானியக் கடனுதவியோடு அவை ஒரு கூட்டுத் திட்டத்தில் இறங்கின. ஈரக் குப்பையை உரமாக்கும் வேலை அந்தந்த ஊரிலேயே நடக்கும், எச்சத்துக்கு மட்டும் ஆறு ஊருக்கும் ஒரே நிலநிரப்பிடம் என்பதுதான் அதன் அமைப்பு. கோலார் மாவட்டத்துக்கும் ஆறு ஊர் என்ற எண்ணிக்கை பொருந்துவதால் இதை முதலில் சொல்கிறேன்.

கர்நாடகத்துக்குள்ளேயே இன்னும் நெருக்கமான முன்மாதிரி உண்டு. உடுப்பி மாவட்டம் கார்க்களா தாலுகாவிலுள்ள நிட்டே கிராமத்தில் நாளொன்றுக்கு 10 டன் உலர் குப்பையைப் பிரிக்கும் நிலையம் இயங்குகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட கிராம பஞ்சாயத்துகளின் உலர் குப்பை அங்கே வருகிறது. ஒரு பஞ்சாயத்தின் குப்பைக்கு எந்த மறுசுழற்சி ஆலையும் லாரி அனுப்பாது, நாற்பது பஞ்சாயத்துகளின் குப்பைக்கு அனுப்பும். கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக மாதக் கட்டணத்துக்கு உலர் குப்பை எடுக்கிறார்கள். அது உள்ளூர்க் கொட்டகைகளில் சேர்ந்து, பெரும்பகுதி மாநில அரசின் கிளீன் கேரளா நிறுவனம் வழியாக ஆலைகளுக்குப் போகிறது.

தனியாகவே ஓர் ஊர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சத்தீஸ்கரின் அம்பிகாபூர் சாட்சி. சுயஉதவிக் குழுப் பெண்கள் நாள்தோறும் குப்பையைப் பல வகைகளாகப் பிரிக்கிறார்கள். 16 ஏக்கர் குப்பைமேடு இருந்த இடம் பூங்காவாகிவிட்டது. அந்த முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், தங்க வயலுக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கும் வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன். வேலூர் அனுபவம் சத்தீஸ்கர் வரை போயிருக்கும்போது மாநில எல்லை தாண்டித் தங்க வயலுக்கு வரக் கூடாதா? காயலான் கடைக்காரருக்கு மாநில எல்லை ஒரு தடையாக இருந்ததே இல்லை. தங்க வயலின் பழைய இரும்பு தமிழகத்துக்கும் போகும், ஆந்திரத்துக்கும் போகும். ஆந்திரத்தின் குப்பம் நகரும், தமிழகத்தின் கிருஷ்ணகிரி, வேலூர் மாவட்டங்களும் ஒரே பொருளாதார வட்டத்துக்குள் இருக்கின்றன. தங்க வயலுக்குத் தண்ணீர் தரும் பேத்தமங்கலா ஏரி பாலாற்றில் இருக்கிறது. அந்த ஆறுதான் ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் வருகிறது. ஆற்றங்கரையில் ஓர் ஊர் கொட்டுவது அடுத்த ஊரின் கவலையாகத்தான் ஆகும்.

கோலார் ஏற்கெனவே படித்த பாடம்

ஊருக்கு ஊர் கழிவைப் பகிர்வது கோலாருக்குப் புதிதல்ல. பெங்களூரின் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீர், கே.சி. வேலி திட்டத்தின் வழியே 2018 ஜூன் முதல் கோலாருக்கு வருகிறது. முதலில் நிரம்பியது லட்சுமிசாகரா ஏரி. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் என்பது திட்டம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிப்போன வறண்ட மாவட்டத்தில் ஏரி நிறைவது சாதாரணச் செய்தி அல்ல. கிணறுகளில் நீர் ஏறியதாக விவசாயிகள் மகிழ்ந்ததையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தண்ணீர் வந்த சில வாரங்களிலேயே நுரை பொங்கியது. இரண்டாம் நிலை சுத்திகரிப்போடு நிறுத்தக் கூடாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று, நீருக்காகப் போராடிவரும் ஆஞ்சநேய ரெட்டி முதலானோர் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இடையில் தண்ணீரை நிறுத்திவைத்தன. 2019-இல் ஓட்டம் மீண்டும் தொடங்கியது, தரம் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அனுப்புகிறவர் வசதிக்கு அனுப்பி, பெறுகிறவர் நன்றியோடு வாங்கிக்கொள்வதைக் கூட்டுறவு என்று சொல்ல முடியாது. வந்து சேர்வதன் தரத்தைச் சோதிக்கும் உரிமை பெறுகிறவர் கையில் இருக்க வேண்டும், சோதனை முடிவு ஊரறிய வெளிவர வேண்டும், தரம் தவறினால் வால்வை மூடும் அதிகாரமும் அங்கேயே இருக்க வேண்டும்.

இதே அளவுகோல் தங்க வயலின் சயனைடு மலைகளுக்கும் பொருந்தும். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் 13 மேடுகளாக, ஆயிரம் ஏக்கரில் நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழுவதை அங்கே வாழ்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். இந்த மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. 3.3 கோடி டன் மண்ணில் 23 டன் தங்கம் கிடைக்கும் என்பது மதிப்பீடு. டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லை. அதாவது தங்கத்தை எடுத்த பிறகும் மண் முழுவதும் மிஞ்சும். அது எங்கே போகும், தூசு எப்படி அடங்கும், வேலை யாருக்கு என்பதற்கு எழுத்தில் பதில் வராமல் அந்த வேலை தொடங்கக் கூடாது.

யார் கையால்?

குப்பைத் திட்டம் எதுவாக இருந்தாலும் தங்க வயலில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக நாடெங்கும் இயக்கம் கட்டி, 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் பிறந்த மண் இது. அவர் தந்தை இங்கே துப்புரவுத் தொழிலாளி. 1993-இல் தடைச் சட்டம் வந்த பிறகும் பல ஆண்டுகள் இந்த நகரில் உலர் கழிப்பறைகள் இருந்தன. அப்படிப்பட்ட ஊரில், ஆறு ஊரின் பிரிக்காத குப்பையை ஒரு கொட்டகையில் கொட்டி, துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட அதே சமூகத்துப் பெண்களின் கையால் கிளறச் சொல்வது பழைய கொடுமையை வேறு பெயரில் தொடர்வதாகும். பிரிப்பது வீட்டிலேயே நடந்தாக வேண்டும். பயன்படுத்திய நாப்கினும் டயபரும் தனியாகக் கட்டப்பட்டு வர வேண்டும். பிரித்தெடுக்கும் வேலைக்கு மாதச் சம்பளமும், கையுறையும், வைப்புநிதியும், விற்றுவரும் பணத்தில் பங்கும் வேண்டும். சுரங்கம் மூடியபின் தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊரில், கௌரவமான உள்ளூர் வேலை பெரிய விஷயம்.

ஒப்பந்தம் எப்படி இருக்கலாம்?

கோலார் மாவட்டத்துக்குச் சேர்ந்து செயல்படத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோலார் பால் ஒன்றியம் என்ன செய்கிறது? ஊர் ஊராகக் காலையில் பாலை அளந்து, தரம் பார்த்து, ஓரிடத்தில் சேர்த்து, தரத்துக்கேற்பப் பணம் தருகிறது. உலர் குப்பைக்கும் இதே ஏற்பாடு போதும். ரயில் சந்திப்பும் சாலைகளும் கூடும் பங்காரப்பேட்டைப் பக்கம் நிலையம் அமையலாம். கோலாரும் தங்க வயலும் அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஒவ்வொரு ஊரின் வண்டியும் எடைமேடையில் ஏற வேண்டும். சுத்தமாகப் பிரித்துக் கொண்டுவரும் ஊருக்குப் பணம், கலந்து கொண்டுவரும் ஊருக்கு அபராதம்.

ஈரக் குப்பை ஊரைவிட்டு நகரவே கூடாது. அதைச் சுமந்து செல்வது டீசல் செலவு, துர்நாற்றம், வழி நெடுகக் கசிவு. கோலாரின் தக்காளிச் சந்தை, சீனிவாசபுரத்தின் மாம்பழ மண்டி, மாவட்டமெங்கும் மல்பெரித் தோட்டங்கள் என்று உரத்துக்கான மூலப்பொருளும் உரத்தை வாங்கும் விவசாயியும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். விலை சரிந்த நாளில் சாலையோரம் கொட்டப்படும் தக்காளியே ஓர் ஊரின் உரக்குழியை நிரப்பும்.

நிலையம் அமையும் ஊருக்கு மற்ற ஊர்கள் டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் தர வேண்டும். அந்த ஊரின் கிராம சபைக்கு ஆய்வு செய்யும் உரிமை வேண்டும். மாவட்டத்துக்கு வெளியிலிருந்து, குறிப்பாகப் பெங்களூரிலிருந்து, ஒரு வண்டியும் வராது என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் தங்க வயல் மக்கள் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருக்க அவர்களுக்குக் காரணம் உண்டு.

இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரிய ஆலையும் வேண்டாம். ஆறு நகர உள்ளாட்சிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட வேண்டும், மாவட்ட நிர்வாகம் அதை நடத்திவைக்க வேண்டும். தங்க வயல், பங்காரப்பேட்டை, முல்பாகல் வாசகர்களே, உங்கள் வார்டு உறுப்பினர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, நம் ஊர்க் குப்பை வாரத்துக்கு எத்தனை டன், அது எந்த இடத்துக்குப் போகிறது, பக்கத்து ஊரோடு பேசினீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.