சிரிக்கணுமா, அழணுமா? நினைவிழந்த மனிதனைப் பற்றிய பின்லாந்து படம் பார்வையாளர்களைக் குழப்புவது ஏன்?

ஆஸ்பத்திரி கட்டிலில் ஒருவர் கிடக்கிறார். முகம் முழுக்கக் கட்டு. மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. டாக்டர் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வெளியே போகிறார். கொஞ்ச நேரத்தில் 'இறந்தவர்' சட்டென்று எழுந்து உட்காருகிறார். கண்ணாடி முன்னால் போய் நின்று, வளைந்துபோன மூக்கைத் தானே கையால் நேராக்கிக்கொள்கிறார். பிறகு நடந்து வெளியே போய்விடுகிறார். எந்தப் பதற்றமும் இல்லை.

இந்தக் காட்சியை அறைத் தோழிகள் இரண்டு பேருடன் லேப்டாப்பில் பார்த்தேன். ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். இன்னொருத்தி, "இது சீரியஸ் படம்னுதானே சொன்ன? ஏன் சிரிக்கிறா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

படத்தின் பெயர் 'தி மேன் வித்தவுட் எ பாஸ்ட்', அதாவது கடந்தகாலம் இல்லாத மனிதன். பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி 2002-ல் எடுத்தது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி இதற்குக் கிடைத்தது. நாயகி காட்டி ஔதினென் சிறந்த நடிகைக்கான விருதை வாங்கினார். ஆனாலும் "இது காமெடியா, சோகப் படமா?", "ஏன் யாருமே நடிக்கல?", "வறுமையைப் பார்த்துச் சிரிக்கலாமா?" என்ற கேள்விகள் படம் பார்க்கிறவர்களிடம் இன்றைக்கும் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். (ஸ்பாய்லர் உண்டு. படம் பார்க்காதவர்கள் உஷார்!)

கதை என்ன?

ரயிலில் ஹெல்சிங்கி வந்து இறங்கும் ஒருவர், பூங்கா பெஞ்சில் தூங்கிப்போகிறார். மூன்று ரவுடிகள் அவரை அடித்துப்போட்டு, கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தலையில் அடி. பெயர், ஊர், வேலை எதுவும் ஞாபகம் இல்லை. படத்தில் அவருக்குப் பெயரே கிடையாது, 'எம்' என்ற ஒற்றை எழுத்துதான். நடித்தவர் மார்க்கு பெல்டோலா.

ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி, கடலோரம் சுருண்டு விழும் அவரை, சரக்குக் கன்டெய்னருக்குள் குடியிருக்கும் ஒரு ஏழைக் குடும்பம் எடுத்துக் காப்பாற்றுகிறது. பிறகு அவரும் ஒரு கன்டெய்னரை வாடகைக்கு எடுக்கிறார். வாசலில் உருளைக்கிழங்கு போடுகிறார். பழைய ஜூக் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். ஏழைகளுக்கு சூப் ஊற்றும் இரட்சணிய சேனையில் வேலை செய்யும் இர்மாவைச் சந்திக்கிறார். இரண்டு பேரும் இளைஞர்கள் இல்லை. இரண்டு பேருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. ஆனாலும் காதல் வருகிறது.

ஏன் யாருமே 'நடிக்கல'?

கௌரிஸ்மாகி படத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் புகார் இது. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. வசனத்தை ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் அப்படியே நிற்கிறார்கள். கேமராவும் அசைவதில்லை.

இது தெரியாமல் வந்த குறை இல்லை, வேண்டுமென்றே செய்வது. முகத்தை மாற்றாமல் நகைச்சுவை செய்யும் பாணிக்கு மௌனப்பட காலத்து பஸ்டர் கீட்டன் பெரிய உதாரணம். வீடே இடிந்து விழுந்தாலும் அவர் முகம் மாறாது. பிரான்சின் ராபர்ட் பிரெஸ்ஸோன், ஜப்பானின் யசுஜிரோ ஓசு ஆகியோரின் அடக்கமான பாணியும் கௌரிஸ்மாகிக்குப் பிடித்தமானது. அழ வேண்டிய இடத்தை நடிகரே அழுது காட்டாமல், அதைப் பார்க்கிறவரிடமே விட்டுவிடும் முறை இது.

உதாரணமாக ஒரு காட்சி. எம் குடியிருக்கும் கன்டெய்னருக்கு ஒருவர் மின் இணைப்பு கொடுக்கிறார். "நான் உங்களுக்கு எவ்வளவு தரணும்?" என்று எம் கேட்கிறார். நான் என்றைக்காவது சாக்கடையில் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தால், மல்லாக்கப் புரட்டிப் போட்டால் போதும் என்கிற பொருளில் அவர் பதில் சொல்கிறார். முகம் மாறவே இல்லை. முதலில் சிரிப்பு வருகிறது. அடுத்த நொடி, இந்த ஆளுக்கு அந்த நிலைமை உண்மையிலேயே வரலாம் என்று உறைக்கிறது. அப்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. தியேட்டரில் பாதிப் பேர் சிரிக்க, பாதிப் பேர் அமைதியாக இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டு பேருமே படத்தைச் சரியாகத்தான் பார்க்கிறார்கள்.

சப்டைட்டிலில் காணாமல் போகும் ஜோக்

நம்மால் கவனிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. பின்னிஷ் மொழியிலும் தமிழைப் போலவே எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் ரொம்பவே வேறு வேறு. கௌரிஸ்மாகியின் பாத்திரங்கள் பேசுவது பேச்சு வழக்கு இல்லை, புத்தக மொழி.

நம்ம ஊர் பாஷையில் யோசித்துப் பாருங்கள். கன்டெய்னருக்கு வாடகை வசூலிக்க வரும் செக்யூரிட்டி, "எங்கய்யா வாடகை?" என்று கேட்காமல், "தாங்கள் செலுத்த வேண்டிய தொகை இன்னும் வந்து சேரவில்லை" என்று செய்தி வாசிப்பாளர் மாதிரி பேசினால் எப்படி இருக்கும்? பின்னிஷ் தெரிந்தவர்களுக்கு ஏறக்குறைய அந்த அனுபவம்தான் கிடைக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் இந்த வித்தியாசம் முழுதாக வராது. அதனால்தான் சில வசனங்கள் நமக்கு வெறும் மரக்கட்டை மாதிரி தெரிகின்றன.

இந்தப் பேச்சுக்கு இன்னொரு விளைவும் உண்டு. வீடில்லாதவர், குடிகாரர், சூப்புக்கு வரிசையில் நிற்பவர் எல்லோரும் மரியாதையான மொழியில் பேசுகிறார்கள். யாரும் கெஞ்சுவதில்லை. அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் வாய்ப்பையே படம் நமக்குக் கொடுப்பதில்லை.

மருத்துவ ரீதியாக இது நடக்குமா?

பாதி நடக்கும். தலையில் அடிபட்டால் அந்தச் சம்பவமும், அதற்குச் சற்று முன்னால் நடந்தவையும் மறந்துபோவது சகஜம். அடிக்குப் பிறகு புது விஷயங்களை ஞாபகம் வைப்பதிலும் சிரமம் வரலாம். ஆனால் தன் பெயர், குடும்பம் எல்லாமே அழிந்துபோய், மற்றபடி ஆள் தெளிவாக இருப்பது மிகவும் அரிது. அப்படி நடக்கும்போது பெரும்பாலும் கடுமையான மன அதிர்ச்சிதான் காரணமாக இருக்கும்.

சினிமா இதைத் தொடர்ந்து தவறாகவே காட்டுகிறது என்று பிரிட்டன் நரம்பியல் உளவியலாளர் சாலி பாக்சென்டேல் 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். முதல் அடியில் போன ஞாபகம் இரண்டாவது அடியில் திரும்ப வரும் ஃபார்முலாவையும் அதில் சுட்டிக்காட்டினார். நம் சினிமா ரசிகர்களுக்கும் ரொம்பப் பழகிய ஃபார்முலா அது!

கௌரிஸ்மாகி அந்த வழியில் போகவில்லை. நினைவு மாயமாகத் திரும்புவதில்லை. பத்திரிகையில் வந்த போட்டோவைப் பார்த்து மனைவி அடையாளம் சொல்வதால்தான் அவர் யார் என்று தெரிகிறது. இன்னொரு விஷயத்திலும் படம் சரியாக இருக்கிறது. வெல்டிங் வேலை நடப்பதைப் பார்க்கும்போது எம்முக்குத் தன் கை அந்த வேலையை அறியும் என்று தெரிகிறது. செய்து பழகிய வேலை பற்றிய நினைவும், வாழ்க்கைச் சம்பவங்கள் பற்றிய நினைவும் மூளையில் வெவ்வேறு விதமாகப் பதிகின்றன. ஒன்று போனாலும் இன்னொன்று தங்கலாம்.

உண்மையான பிரச்சினை நினைவா, ஆவணமா?

படத்தைக் கவனித்துப் பார்த்தால், எம்மை வாட்டுவது மறதி மட்டும் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகிறார். பெயர் இல்லாமல் படிவத்தை நிரப்ப முடியாது, அதனால் வெளியே அனுப்பப்படுகிறார். வெல்டிங் வேலை கிடைக்கிறது, சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக்குப் போன நேரத்தில் அங்கே கொள்ளை நடக்கிறது. சாட்சியாக இருந்தவர், பெயர் சொல்ல முடியாததால் போலீஸ் காவலில் சிக்குகிறார். ஒரு வழக்கறிஞர் வந்துதான் மீட்கிறார். அந்த வழக்கறிஞராக நடித்தவர் மட்டி வுவோரி, நிஜ வாழ்க்கையிலும் பின்லாந்தின் பிரபலமான மனித உரிமை வழக்கறிஞர்.

அந்தக் கொள்ளைக்காரரின் கதையும் முக்கியம். அவர் நொடித்துப்போன ஒரு சிறு முதலாளி. முடக்கப்பட்ட தன் கணக்கில் இருக்கும் சொந்தப் பணத்தைத்தான் துப்பாக்கி காட்டி எடுக்கிறார். தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பள பாக்கி கொடுப்பதற்காக!

இது கற்பனையில் மட்டும் பிறந்த கதை இல்லை. 1990களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்துடனான வர்த்தகம் சரிந்ததும், வங்கி நெருக்கடியும் சேர்ந்து பின்லாந்தை உலுக்கின. சுமார் 3 சதவீதமாக இருந்த வேலையின்மை, 1994-ல் 16 சதவீதத்தைத் தாண்டியது. வேலையிழப்பைப் பேசிய 'டிரிஃப்டிங் கிளவுட்ஸ்' (1996), வீடின்மையைப் பேசிய இந்தப் படம், தனிமையைப் பேசிய 'லைட்ஸ் இன் த டஸ்க்' (2006) மூன்றும் சேர்ந்து கௌரிஸ்மாகியின் 'பின்லாந்து முப்படங்கள்' எனப்படுகின்றன. நோக்கியா போன் உலகை ஆண்டுகொண்டிருந்த 2002-ல், தன் நாட்டின் கதையை அவர் கன்டெய்னரிலும் ஜூக் பாக்ஸிலும் சொன்னார்.

வறுமையை அழகாக்குகிறதா?

படத்தின் மீது வைக்கப்படும் நியாயமான விமர்சனம் இது. கன்டெய்னர் வாழ்க்கை பளிச்சென்ற நிறங்களில் ஜொலிக்கிறது. ஏழைகள் எல்லோரும் நல்லவர்கள். பயமுறுத்தக் கொண்டுவரப்படும் 'ஹன்னிபால்' என்ற நாய்கூட சாதுவாக வாலாட்டுகிறது. நிஜத்தில் மைனஸ் டிகிரி குளிரில் தெருவில் கிடப்பவருக்கு இப்படியா இருக்கும்?

இருக்காதுதான். படம் ஒரு தேவதைக் கதையின் வடிவத்தில்தான் நடக்கிறது. ஆனால் அடியும், பசியும், ஒரு தற்கொலையும் அதே கதைக்குள் இருக்கின்றன. அரசு அலுவலகம் பெயர் கேட்கிறது, வங்கி பெயர் கேட்கிறது, போலீஸ் பெயர் கேட்கிறது. கன்டெய்னர்காரர்கள் முதலில் சாப்பாடு போடுகிறார்கள். இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் இயக்குநர் கொஞ்சம் இனிப்பு சேர்க்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த இனிப்பு திகட்டுகிறது என்பவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஒரு கூடுதல் தகவல்: பின்லாந்து 2008 முதல் 'முதலில் வீடு' என்ற கொள்கையைப் பின்பற்றுகிறது. குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு தருகிறோம் என்று சொல்லாமல், முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்பது. 1980களின் பிற்பகுதியில் 18,000 அளவில் இருந்த வீடற்றவர்களின் எண்ணிக்கை, 2023-ல் சுமார் 3,400 ஆகக் குறைந்திருந்தது. படத்தால் கொள்கை மாறியது என்று அர்த்தமில்லை. படம் எழுப்பிய கேள்வி நிஜமானது என்பதுதான் விஷயம்.

கடைசியில் பெயர் தெரிந்ததா?

தெரிந்தது. யாக்கோ லுயானென். வெல்டர். சூதாட்டத்தில் பணத்தை விட்டவர், மனைவியோடு ஓயாமல் சண்டை போட்டவர், விவாகரத்தும் ஆகிவிட்டது. தன் பழைய வீட்டுக்குப் போகிறார். அங்கே மனைவியோடு இன்னொருவர் வாழ்கிறார். நாம் சண்டை போட வேண்டுமா என்று அந்த ஆள் கேட்கிறார். தேவையில்லை என்று முடிவாகிறது. எம் ரயில் ஏறி இர்மாவிடம் திரும்பிவிடுகிறார்.

இரண்டு மணி நேரம்கூட ஓடாத படம்தான். போனை ஓரமாக வைத்துவிட்டு, வசனம் முடிந்த பிறகு வரும் அமைதியையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் பொறுமை வேண்டும்.

"ஏன் சிரிக்கிறா?" என்று கேட்ட தோழி, அந்தச் சாக்கடை வசனத்துக்குச் சிரித்துவிட்டாள். சிரித்த தோழி கடைசிக் காட்சியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "என் பர்ஸும் போனும் ஒரே நாள்ல தொலைஞ்சா, நான் யாருன்னு இந்த ஊர்ல யாருகிட்ட போய் நிரூபிப்பேன்?"